கொரீனுக்கும் வெண்டலுக்கும் பார்க்க ஆறு இடங்கள்

நியூ ஆர்லியன்ஸ்
மார்ச் 9, திங்கட்கிழமை

அன்பு மகள் கொரீனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை வெண்டலும் சுகமாக இருக்க வேண்டும். நாங்களும் சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவேன் அல்லவா, இந்தத் தடவை அதை விட்டுவிடுகிறேன். காரணத்தைப் போகப்போகச் சொல்கிறேன். முதலில் நீ கேட்டதற்குப் பதில்.

இதைத் தெருமுனைச் சலவைக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் நம் வீட்டைப் பற்றி உனக்குத் தெரியாததா, வாசலில் நின்று தும்மினால் கொல்லையில் இருப்பவர் வாழ்த்துச் சொல்வார். ஒளிந்து ஒரு கடிதம் எழுத மூலை கிடையாது. அதனால் சுத்தமாக இருந்த இரண்டு படுக்கை விரிப்புகளை அழுக்கு என்று சொல்லித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். டிரம் அடிக்கும் ரூடி மாமா உன் அப்பாவோடு இருக்கிறான். அடுப்பில் பீன்ஸ் வேகிறது. கிளறச் சொல்லியிருக்கிறேன், கிளறுவானோ மாட்டானோ.

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. நாலு தடவை படித்தேன், மூன்றாவது தடவை கோபம் வந்தது. கல்யாணம் ஆகி ஐந்து வருடம் நிறைவதற்கு ஏப்ரலில் இரண்டு பேரும் வருகிறீர்கள், சந்தோஷம். பழைய பிரெஞ்சுப் பகுதியில் ஓட்டல் அறை போட்டாயிற்று. "வீட்டுக்கு வரலம்மா, யாருக்கும் தொந்தரவு வேணாம். அப்பா டூர் வர்ற புதுஜோடிகள ஊர் சுத்திக் காட்டக் கூட்டிட்டுப் போவாரே, அதுல என்னென்ன இடம்னு மட்டும் எழுதி அனுப்பு. நாங்க டூரிஸ்ட்டாவே வந்துட்டுப் போறோம்" என்று எழுதியிருக்கிறாய்.

அந்த வார்த்தையை நீ எங்கிருந்து எடுத்தாய் என்று எனக்குத் தெரியாதா? நீங்கள் சியாட்டிலுக்குக் கிளம்பிய அன்று விமான நிலையத்தில் உன் அப்பா சொன்னது. "இந்த ஊரு பத்தலன்னு போறவ, திரும்பி வந்தா டூரிஸ்ட்டாத்தான் வரணும்" என்றார். சொல்லிவிட்டு ஏதோ பெரிய காரியம் செய்தவர்போல மீசையைத் தடவினார். திரும்பி வரும்போது காரை நான்தான் ஓட்டினேன். வீடு வரும்வரை மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தார். அதை அப்போதே உனக்குச் சொல்லியிருக்கலாம், நான் சொல்லவில்லை.

சரி, இடங்கள். முதல் நாள் காலையில் ஆற்றங்கரைப் படிகளுக்குப் போங்கள். ஏழு மணிக்கே போய்விட வேண்டும். அதற்குப் பிறகு பெனியே பணியாரம் வாங்க நிற்கும் வரிசை அடுத்த ஊர்வரை நீளும். சுடச்சுட வாங்கிக்கொண்டு படியில் உட்காருங்கள், வெண்டலைக் கறுப்புச் சட்டை போட வேண்டாம் என்று சொல். உன் அப்பா புதுஜோடிகளிடம் சொல்வார், "மேல கொட்டியிருக்கற சர்க்கரைத் தூளை ஒருத்தர் மேல ஒருத்தர் ஊதிட்டும் சண்டை போடாம எந்திரிச்சீங்கன்னா உங்க கல்யாணம் நிக்கும்" என்று. பதினோரு வருடமாக வாரநாள் முழுவதும் ஜோடிகளை நடத்திக்கொண்டு போய் இந்த ஒரே ஜோக்கைச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் முதல் ஆளாகச் சிரித்தது அவர்தான்.

அடுத்து டிராம். செயின்ட் சார்ல்ஸ் வழியில் கடைசிவரை போய் அதே டிராமில் திரும்புங்கள். நீ ஜன்னல் பக்கம் உட்கார். கார்னிவல் செவ்வாய்க்கிழமையன்று வீசிய பாசிமணி மாலைகள் இன்னும் மரங்களிலும் கம்பிகளிலும் தொங்குகின்றன. கையை மட்டும் வெளியே நீட்டாதீர்கள், ஓக் மரக்கிளைக்குப் புதுப்பெண் பழைய பெண் என்ற தயவு கிடையாது. வேறொரு நாள் சாயங்காலம் படகில் ஆற்றைத் தாண்டி எதிர்ப்பக்கத்து அல்ஜியர்ஸ் கரைக்குப் போய்விட்டு வாருங்கள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்று வெண்டல் சொல்வான். அங்கிருந்து திரும்பி நம் ஊரைப் பார்ப்பதற்காகத்தான் போவது. விளக்குகள் ஏற்றுகிற நேரத்தில் இந்தக் கரை எவ்வளவு சாதுவாகத் தெரியும் என்று நீயே மறந்திருப்பாய்.

பாட்டுக்கு அந்தப் பழைய சின்ன மண்டபம் போதும், பலகை பெஞ்சு போட்டது. மைக் கிடையாது, குடிக்க ஒன்றும் விற்கமாட்டார்கள், முன்வரிசையில் தரையில்தான் உட்கார வேண்டும். வாசிப்பவரின் எச்சில் மேலே தெறிக்கும், அதற்காகத்தான் உலகமே வருகிறது. ஒன்று மட்டும் கேள். வாசலில் உன் குடும்பப் பெயரைச் சொல்லாதே. சொன்னால் உள்ளே இருக்கிற அத்தனை பேரும் வந்து உன் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்பார்கள். நீ என்ன என்று தெரியாமல் விழித்துக்கொண்டு நிற்பாய்.

ஐந்தாவது, ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம். இந்த வரியை எழுதியதும் எழுந்து போய் விரிப்புகளை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தேன். இனியும் மறைத்தால் நான் மனுஷியே இல்லை.

போன அக்டோபரில், இரண்டாவது ஞாயிறு, நம் பேட்டைக் கிளப் நடத்தும் பாண்டு ஊர்வலத்தில் உன் அப்பா தோளில் அந்தப் பித்தளை டியூபாவை மாட்டி ஊதிக்கொண்டு போனார். நான் பின்னால் கைக்குட்டையைச் சுழற்றி ஆடிக்கொண்டு போனேன். கிளேபோர்ன் மேம்பாலத்துக்கு அடியில் நுழைந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். சத்தம் நாலு மடங்காகும், அத்தனை பேருக்கும் பித்துப் பிடிக்கும். தரையில் விழுந்து புரண்டு எழுந்து ஆடுவார்கள். அதற்கு முந்தின வருடம் அதே இடத்தில் அவர் டியூபாவோடு மண்டியிட்டு வாசித்து ஊரையே கூவ வைத்தார். அன்றும் மண்டியிட்டார். பிறகு பக்கவாட்டில் சாய்ந்தார். நாங்கள் வட்டம் கட்டிவிட்டோம். "அப்படிப் போடு ஆன்செல்ம்! எந்திரிக்காத, இன்னும் கீழ போ!" என்று முதலில் கத்தியவள் நான். கூட்டம் என்னோடு சேர்ந்து கத்தியது. ரூடி டிரம்மை இன்னும் வேகமாக அடித்தான்.

அவர் எழவில்லை, கொரீன். ஒரு பாட்டு முடியும்வரை நாங்கள் அவரைச் சுற்றி ஆடினோம். முப்பத்தொரு வருடம் அந்த மனுஷருடைய டியூபாவோடு குடித்தனம் நடத்தியவள், அது நின்றுபோனது தெரியாமல் கை தட்டினேன். மூளையில் ரத்த அடைப்பு என்றார்கள். விழுந்து எவ்வளவு நேரத்தில் ஆம்புலன்சைக் கூப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். உடனே என்று சொன்னேன். அன்றைக்கு ஆரம்பித்த பொய்தான், இன்றுவரை என் வாயிலிருந்து இறங்கவில்லை.

இப்போது வலது கை வேலை செய்யாது. காலை இழுத்து இழுத்து நடப்பார். டியூபா கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. எல்லாம் புரிகிறது அவருக்கு, பேப்பர் படிக்கிறார், நான் உப்பு அதிகம் போட்டால் முறைக்கிறார். பேச்சுதான் போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தை வருகிறது. செவ்வாய்க்கிழமை. பசிக்கிறதா என்றால் செவ்வாய்க்கிழமை, வலிக்கிறதா என்றால் செவ்வாய்க்கிழமை. அவர் சொல்ல நினைப்பது அது இல்லை என்று அவருக்கே தெரியும், தன் வாயைத் தானே அடித்துக்கொள்வார். "விடுப்பா, கார்னிவல் ஊருல பொறந்தவனுக்கு எல்லா நாளும் செவ்வாய்க்கிழமைதான்" என்று ரூடி வேடிக்கையாகச் சொன்னான். உன் அப்பா சிரித்தார், சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வாரம் இரண்டு நாள் வருகிறாள். என்ன வார்த்தை முதலில் கற்கலாம் என்று கேட்டு வார்த்தைகள் எழுதிய அட்டைகளைக் காட்டினாள். அவர் எதையும் தொடாமல், சுவரில் இருக்கும் உன் படத்தைக் காட்டினார். மூன்று மாதமாக உன் பெயரைத்தான் பழகுகிறார். இன்னும் வரவில்லை.

நவம்பரில் நன்றி சொல்லும் நாளன்று நீ போன் பண்ணி அப்பாவைக் கொடு என்றாயே. மேசையைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்துக்கொண்டு அவர் ஓடித்தான் வந்தார். "அப்பா, நான்தான்" என்று நீ சொன்னது எனக்கே கேட்டது. வாயைத் திறந்தார். திறந்தால் என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். மூடிக்கொண்டு போனை வைத்துவிட்டார். நீ மறுபடி கூப்பிட்டு ஏன் வைத்துவிட்டார் என்று கேட்டபோது, "கோவம் இன்னும் தீரல போல, விடு" என்று சொன்னது நான். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். சரி என்று தலையை ஆட்டினார். மகள் தன்னைப் பார்த்துப் பரிதாபப்படுவதைவிடக் கோபக்காரன் என்று நினைத்துவிட்டுப் போகட்டும் என்று இருக்கிறார்.

அதன் பிறகு நான் போனைக் கையில் எடுத்தாலே வந்து இடது கையால் என் வாயைப் பொத்துகிறார். அவர் பிடிவாதத்தால்தான் உனக்குச் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. சொன்னால் பாலத்தடியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். நீ என்னை என்ன நினைப்பாயோ என்ற பயம். அவருடைய வைராக்கியத்துக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். உன் அம்மா அப்படிப்பட்டவள், தெரிந்துகொள்.

மேலே எழுதிய இடங்களை நான் தேர்ந்தெடுக்கவில்லை. நேற்று சர்ச்சில் பகல் பூசை முடிந்து வந்ததும் உன் கடிதத்தை அவரே படித்தார். படித்துவிட்டு ஜோடிகளுக்குக் கொடுக்கும் பழைய வரைபடத்தைத் தேடி எடுத்து மேசையில் விரித்தார். ஆற்றங்கரை, டிராம், படகு, மண்டபம் என்று விரலை வைத்தார், நான் ஒரு தாளில் எழுதினேன். ஊர்வலத்தையும் அவரே காட்டினார். நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன், அவர் விரலை எடுக்கவில்லை. எழுதி முடித்து, அவரைக் கேட்காமல் ஆறாவதாக நம் வீட்டு முகவரியை எழுதினேன்.

வாங்கிப் பார்த்தார். பென்சிலை இடது கையில் பிடித்து அந்த வரியை அடித்தார். ஒரு கோடு போதாதா? தாள் கிழியும்வரை அடித்தார். "நம்ம பொண்ணுதானே ஆன்செல்ம், வந்து பார்த்துட்டுப் போகட்டுமே" என்று சொன்னேன். செவ்வாய்க்கிழமை என்றார். இன்னொரு தடவை, கெஞ்சுகிற மாதிரி, செவ்வாய்க்கிழமை என்றார். நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அந்தக் கிழிந்த தாளையும் இதோடு வைத்திருக்கிறேன். அதைத் தூக்கிப் போட்டுவிடாதே.

வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை, உனக்குப் பொய் நம்பிக்கை கொடுக்கமாட்டேன். ஜனவரியில் கிளப்காரர்கள் அவரைக் கௌரவிக்க ஊர்வலத்தை நம் வாசலில் நிறுத்தி வாசித்தார்கள். அந்த மரியாதைக்கு ஏங்குகிறவர்கள் எத்தனை பேர் இந்த ஊரில். இவர் திரையை இழுத்து மூடிக்கொண்டு வெளியே வரவேயில்லை. உன் விஷயத்திலும் அப்படிச் செய்யலாம். அவரை எழுப்பி வாசலுக்குக் கொண்டுவர என்னிடம் பலம் இல்லை. உன்னைக் கூப்பிடவும் எனக்கு வாய் இல்லை, அதைத்தான் அவர் பொத்தி வைத்திருக்கிறாரே. ஐந்து மாதமாக இரண்டு பேருக்கும் நடுவில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தைத் தவிர என்னால் ஆனது ஒன்றும் இல்லை.

வெண்டலிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு. உங்கள் இருவரையும் கடவுள் ஒரே கூரையின் கீழ் நெடுங்காலம் வைத்திருக்கட்டும். எவ்வளவு சந்தோஷமான நேரமாக இருந்தாலும் சரி, ஒருவர் முகத்தை ஒருவர் அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

அவர் அடித்த வரியை இங்கே மறுபடி எழுதுகிறேன். ஆறாவது இடம், டுமேன் தெரு, பச்சைக் கதவு. எந்த நாளும் வரலாம், எந்த நேரமும் வரலாம். நான் திறக்கமாட்டேன், அவரே எழுந்து வர வேண்டும். கதவைத் தட்டிவிட்டு உன் பெயரைச் சொல். அவர் நடந்து வர நேரமாகும் கண்ணு, போய்விடாதீர்கள்.

உன் அம்மா,
ஓடீல்