கடைசி மேட்டுக்கு அவித்த கிழங்கு

ஓட்டக்காரிக்கு,

கடைக்காரன் எழுதுவது. இங்கே நானும் மகளும் கடையும் சௌக்கியம். அங்கே நீயும் உன் இடது முழங்காலும் சௌக்கியமா? பயிற்சி முகாமில் போனை வாங்கிப் பூட்டி வைத்துவிடுகிறார்கள் என்பதால்தான் இந்த வயதில் உனக்குக் கடிதம் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால்கூட எழுதியதில்லை. மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, லவ் லெட்டரா?" என்றாள். சரக்கு விவரம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதுவும் பாதி உண்மைதான்.

குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. நானே சரிசெய்தேன் என்று எழுத ஆசை, ஆனால் ஆள்தான் வந்து செய்தான். மகள் உன் பழைய ஓட்ட ஷூவைப் போட்டுக்கொண்டு மாடிப்படியில் மேலும் கீழும் ஓடுகிறாள். கீழ்வீட்டு அம்மா வந்து, "உங்க வீட்டுல ஒருத்தி ஓடினா பத்தாதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கடைக்கு முன்னால் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். லாரி தெருமுனையிலேயே நிற்கிறது. சுமை தூக்குகிறவர்கள் என்னைத் திட்டுகிறார்கள், நான் தோண்டியவர்களைத் திட்டுகிறேன், வியாபாரம் நடக்கிறது.

இனி உன் சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். போன இரண்டு மாரத்தான் ஓட்டத்திலும், வழியில் தெம்புக்குக் கொடுக்கிற அந்தச் சர்க்கரைப் பாகுப் பொட்டலத்தைப் பிழிந்து குடித்துவிட்டு, பாதித் தூரம் தாண்டியதும் ரோட்டோரம் குனிந்து வாந்தியெடுத்ததாகச் சொன்னாய். அந்தக் கோபத்தில்தான் நீயே படித்துத் தெரிந்துகொண்டு இந்தக் கீட்டோவுக்கு மாறினாய். சோறு, ரொட்டி, சர்க்கரை, கிழங்கு எல்லாம் வெளியே. வெண்ணெய், முட்டை, கறி, கீரை உள்ளே. உடம்பு மாவுச்சத்தை மறந்து கொழுப்பை எரிக்கப் பழகிவிட்டால் வழியில் எதையும் குடிக்க வேண்டாம், வாந்தியும் வராது என்றாய். நியாயமான பேச்சுதான். உருளைக்கிழங்கு மொத்த வியாபாரியின் பெண்டாட்டியே உருளைக்கிழங்கைத் தள்ளி வைத்துவிட்டாள் என்று மண்டியில் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், சிரிப்பவர்களும் சரக்கு வாங்கத்தான் வருகிறார்கள்.

என் வழக்கம் உனக்குத் தெரியும். புதிதாக எந்த ஊர்க் கிழங்கு வந்தாலும் முதல் மூட்டை நம் சமையலறைக்குத்தான் வரும். அவித்து, வறுத்து, மசித்து, நான் தின்று பார்த்த பிறகுதான் லாரியைக் கடைப் பக்கம் விடுவேன். வாழ்க்கையில் நான் நஷ்டப்படாமல் இருப்பதற்கு வேறு ரகசியம் கிடையாது. அதனால் நீ கிளம்பிப் போன மறுநாளே, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, நானும் கீட்டோ ஆரம்பித்தேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால், "நீங்க எந்தப் பந்தயத்துல ஓடப் போறீங்க?" என்பாய்.

முதல் வாரம் நரகம். தலைவலி, கால் கனம், காரணமில்லாமல் எல்லோர் மேலும் எரிச்சல். உப்புத் தண்ணீர் குடித்ததும் கொஞ்சம் அடங்கியது. என் வாயிலிருந்து அழுகின பழ வாடை வருகிறது என்று மகள் சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். அப்புறம் சட்டென்று தெளிந்தது. நல்லதை நல்லது என்று சொல்ல வேண்டும். மதியம் மூட்டை மேல் சாய்ந்து தூங்குவது நின்றுவிட்டது. பசி என்பதே மறந்துவிட்டது. பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருக்கிறேன். ஒருநாள் சைக்கிளிலேயே ஊருக்கு வெளியே இருக்கும் குளிர்கிடங்குக்குப் போய், சரக்கைப் பார்த்துவிட்டு, வாயில் ஒன்றும் போடாமல் திரும்பி வந்தேன். சமதரையில் நிதானமாக மிதித்தால் நாள் முழுக்கப் போகலாம் போல இருந்தது. கடைக்கு வருகிறவர்கள்தான் சந்தேகப்பட்டார்கள். "கெழங்கு விக்கறவரே கெழங்கு திங்க மாட்டேங்கறாரு, உள்ள என்னத்தப் போட்டு வெச்சிருக்காரோ" என்று ஓட்டல்காரர் என் காதுபடச் சொன்னார்.

ஆனால் பாலத்து மேடு இருக்கிறதே, அங்கேதான் விஷயம். காலையில் நானும் ரொட்டிக்காரரும் சைக்கிளில் ஒரே நேரத்துக்குப் பாலம் ஏறுவோம் என்பது உனக்குத் தெரியும். என்னைவிடப் பெரியவர், பின்னால் பெட்டி நிறைய ரொட்டி. இத்தனை வருஷத்தில் அவர் என்னை ஜெயித்ததில்லை. இப்போது தினமும் ஜெயிக்கிறார். கால் வலிக்கவில்லை, பசிக்கவில்லை, மூச்சு மட்டும் பற்றவில்லை. மேட்டில் வேகமாக மிதிக்கலாம் என்று நினைத்தால், இருக்கிற காற்றெல்லாம் எங்கேயோ செலவாகிவிடுகிறது. முதல் நாள் மணி அடித்துக்கொண்டே தாண்டிப் போனவர், மறுநாள் திரும்பிப் பார்த்து, "என்ன முதலாளி, செயின் கழண்டுடுச்சா?" என்றார். இப்போது அதுகூடக் கேட்பதில்லை. பாவப்பட்டு மெதுவாகப் போகிறார். அதுதான் தாங்க முடியவில்லை.

இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், உன் கடிதங்களைத் திரும்ப எடுத்துப் படித்தேன். உடம்பு இறகு மாதிரி இருக்கிறது என்கிறாய். வயிறு சத்தமே போடவில்லை என்கிறாய். நாள் முழுக்க ஓடலாம் போல இருக்கிறது என்கிறாய். எல்லாம் எனக்கும் நடந்ததுதான், நம்புகிறேன். ஆனால் முன்பெல்லாம் உன் பேச்சின் முதல் வரியே ஓட்ட நேரம்தான். எத்தனை மணி, எத்தனை நிமிஷம் என்று சொன்ன பிறகுதான் நான் இருக்கிறேனா செத்தேனா என்றே கேட்பாய். இந்த முறை ஒரு கடிதத்திலும் நேரம் இல்லை.

மூட்டையின் மேலே அழகான கிழங்காக அடுக்கி வைத்துக்கொண்டு, கட்டைப் பிரிக்காதே என்று சொல்கிறவர்களோடு பிழைத்தவன் நான். அடியில் கைவிட்டுப் பார்த்துப் பழகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. இந்தத் தேர்வு ஓட்டத்தில் முதல் மூன்று பேருக்குள் வந்தால்தான் அணியில் இடம். அடுத்த தேர்வு வரும்போது உனக்கு நாற்பது ஆகிவிடும் என்று நீதான் சொன்னாய், நான் சொல்லவில்லை. அதனால் எனக்கு ஒரே ஒரு விஷயம் எழுது. எடையை எழுதாதே, நேரத்தை எழுது. எனக்கு எழுதப் பிடிக்காவிட்டால் உன் பயிற்சியாளரிடமாவது வாய் விட்டுப் பேசு.

என்ன எழுதினாலும் இந்த வீட்டில் யாரும் குறை சொல்லப் போவதில்லை. வயிறும் காலும் சண்டையில்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பாலத்து மேட்டில் தோற்றுக்கொண்டிருக்கும்
உன் வீட்டுக்காரன்

*

ஓட்டக்காரிக்கு,

கடைக்காரன் மறுபடியும். எல்லோரும் நலம். உன் கடிதம் வந்தது. உறையைப் பிரித்ததும் முதல் வரியில் நேரம் இருந்தது. மோசமான நேரம்தான், எனக்கும் தெரிகிறது. ஆனால் அதைப் பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதியை என்னவென்று சொல்ல. நீ திரும்பி வந்துவிட்டாய் என்று இருந்தது.

மறைத்ததற்குக் காரணமும் எழுதியிருந்தாய். நேரத்தைச் சொன்னால் மறுபடி பாகுப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள், மறுபடி ஊர் பார்க்க வாந்தி எடுக்க வேண்டும் என்ற பயம். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஒருமுறை ஏமாந்த கடைப் பக்கம் நானும்தான் தலைவைத்துப் படுப்பதில்லை.

உன் பயிற்சியாளர் கெட்டிக்காரர். "கடிகாரம் எங்கையிலதானே இருக்கு, எங்கிட்டயே மறைக்கிறியா? நீயா வாயத் திறப்பேன்னுதான் காத்துட்டிருந்தேன்" என்று அவர் சொன்னதைப் படித்து மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். முகத்தில் மாஸ்க் மாட்டி, டிரெட்மில்லில் உன்னை ஓடவிட்டு, மூச்சை அளந்து அவர் காட்டியதையும் இரண்டு முறை படித்தேன். அதே வேகத்துக்குக் கொழுப்பை எரிக்க அதிகக் காற்று வேண்டும், மெதுவாக நெடுநேரம் ஓடுகிறவர்களுக்கு அது பெரிய குறையாக இல்லாமல் போகலாம், உன் வேகத்துக்குக் கட்டாது என்கிறார். அவ்வளவுதான் என் பாலத்துக் கதையும். நான் மூச்சு வாங்கித் தெரிந்துகொண்டதை அவர் இயந்திரம் வைத்துச் சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம் அவர் கேட்டாராமே, "மாவுச்சத்துல உன் வயிறு எதோட சண்டை போட்டதே இல்ல?" என்று. நீ சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல், "கெழங்கு வியாபாரி பொண்டாட்டிகிட்ட கேக்கற கேள்வியா சார் இது?" என்றாயாமே. இந்த வரியை நான் மண்டியில் எல்லோருக்கும் படித்துக் காட்டிவிட்டேன். அனுமதி கேட்கவில்லை.

அவித்த கிழங்கை உப்புப் போட்டு, ஓடிக்கொண்டே வாய்க்குக் கொஞ்சமாகத் தின்று பழகுகிறாய், வயிறு முனகக்கூட இல்லை, நேரமும் மெல்ல மெல்ல இறங்கி வருகிறது என்று எழுதியிருக்கிறாய். முழுசாகப் பழைய நேரம் வந்துவிடுமா என்று யாருக்கும் தெரியாது என்றும் எழுதியிருக்கிறாய். சரி. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற கடிதம் எனக்குப் போதும்.

அங்கே கிடைக்கிற கிழங்கு கொஞ்சம் இனிக்கிறது, ஓடும்போது பிடிக்கவில்லை என்றாயே. அது கிழங்கின் குற்றம் இல்லை. குளிர்கிடங்கில் ரொம்ப நாள் கிடந்தால் கிழங்கு இனிக்கத்தான் செய்யும். உன் வயிறு இனிப்பைக் கண்டால் முறைக்கும் ரகம். நான் தோட்டத்திலிருந்து நேராக வந்த சரக்கில், வெந்தாலும் உதிராத ரகமாக, எலுமிச்சை அளவுக்குப் பொறுக்கி வைத்திருக்கிறேன். மகள் ஒவ்வொன்றாகக் கழுவித் துணி விரித்துப் பரப்பியிருக்கிறாள். கல்யாண நகை மாதிரி காவல் காக்கிறாள். நேற்று நான் ஒன்றை எடுக்கப் போக, "அது அம்மாவோடது, உங்களுக்கு மூட்டையில இருக்குல்ல" என்று கையைத் தட்டிவிட்டாள்.

என் சோதனையையும் முடித்துவிட்டேன். காலையில் கிழங்கு தின்ன ஆரம்பித்துச் சில நாள் ஆயிற்று. இன்றைக்குப் பாலத்து உச்சிக்கு ரொட்டிக்காரரும் நானும் ஒன்றாக ஏறினோம். நான் ஜெயித்ததாக நானும், அவர் விட்டுக்கொடுத்ததாக அவரும் சொல்லிக்கொண்டு திரிகிறோம். மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் அந்த முட்டையையும் கீரையையும் விடுவதாக இல்லை. நான் ஓட வேண்டியது தராசுக்கும் கல்லாவுக்கும் நடுவில்தானே. அந்தத் தூரத்துக்கு அது அருமையான சாப்பாடு, தூக்கம் வருவதில்லை. ஓட்டல்காரர் எதிரில் மட்டும் கிழங்கு தின்று காட்டுகிறேன்.

இப்போது நீ கடைசியில் எழுதியிருந்ததற்குப் பதில். கடையைப் போட்டுவிட்டு வர வேண்டாம், நீ முதல் மூன்று பேருக்குள் வராவிட்டால் அவ்வளவு தூரம் வந்ததும் வீண் என்று எழுதியிருக்கிறாய். கடையை மூடத்தான் போகிறேன். மகள் பலகை எழுதிவிட்டாள்: "முதலாளி ஓட்டம் பார்க்கப் போயிருக்கிறார்." சுமை தூக்குகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, நாங்களும் வருகிறோம் என்கிறார்கள். இத்தனை வருஷத்தில் நீ ஓடி நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் நல்ல வியாபாரம் என்று சொல்லிக்கொண்டே இருந்துவிட்டேன். நீயும் ஒருநாளும் வா என்று கூப்பிட்டதில்லை. இப்போதும் கூப்பிடவில்லை, வராதே என்றுதான் எழுதியிருக்கிறாய். ஆனால் அந்த வரியை இரண்டு முறை அடித்துத் திருத்தி எழுதியிருந்தாய். நான் அடியில் கைவிட்டுப் பார்க்கிறவன் இல்லையா.

உன் பயிற்சியாளருக்குத் தனியாக எழுதிக் கேட்டேன். கடைசி மேட்டுக்கு அடியில், தண்ணீர் வைக்கும் மேசையருகே நான் நிற்க அனுமதி வாங்கிக் கொடுத்துவிட்டார். நீல நிறப் பனியன் போட்டிருப்பேன். மகள் வாங்கினாள், எனக்கு இரண்டு அளவு சிறியது, தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். கையில் உப்புப் போட்ட கிழங்கு இருக்கும். இளஞ்சூடாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

நீ எத்தனையாவதாக வந்தாலும் அந்த மேசையருகே அதே இடத்தில்தான் நிற்பேன். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். என்னைப் பார்த்ததும் நின்றுவிடாதே. என்னவோ சொல்ல வேண்டும் என்று தோன்றும், எனக்கும் தோன்றும். பேசாதே. கிழங்கை வாங்கிக்கொண்டு போய்க்கொண்டே இரு. மேட்டை நீ ஏறு. நான் என் மூச்சுக்குத் தக்கபடி, நிதானமாக, பின்னாலேயே வந்து சேர்கிறேன்.

நன்றாக ஓடு, தாயே.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்