நன்றாக நிறம் பிடித்த முப்பத்தொன்று

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுவது. நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. இன்று கேட்க மாட்டேன். கேட்டால் நீ மறுபடி பொய் சொல்லுவாய். போனிலோ சிரித்து மழுப்பி வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

நீர்க்கட்டிதான், எடுத்தாச்சு என்றாயே, அடிப்பாவி! சின்ன வயதில் பல் விழுந்ததற்கே தெருவைக் கூட்டியவள், இதை எப்படியடி அடக்கி வைத்தாய்?

எங்கள் ஆய்வுக்கூடத்தில் சினைப்பைப் புற்றுநோய் ஆராய்ச்சி நடப்பதைச் சொல்லியிருக்கிறேன். பல ஊர் ஆஸ்பத்திரிகளிலிருந்து கட்டித் துண்டுகள் மெழுகில் பதித்து வரும். நான் அவற்றை மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றுவேன். ஒரு புரதம் இருந்தால் பழுப்பு நிறம் பிடிக்கும். பழுப்பு அதிகமென்றால் அந்தக் கட்டி வழக்கமான கீமோ மருந்துக்கு மசியாது என்பது எங்கள் பெரிய டாக்டரின் கணிப்பு. துண்டுகளில் நோயாளியின் பெயர் கிடையாது, எண் மட்டும்தான்.

சாயம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, நிச்சயம் நிறம் பிடிக்கும் துண்டு ஒன்றைத் தினமும் கூடவே போட வேண்டும். அதற்கு முப்பத்தொன்றாம் எண்ணைத்தான் வைத்துக்கொண்டேன். அப்படியொரு பழுப்பு. இரண்டு மாதமாகக் காலையில் முதலில் பார்ப்பது அதைத்தான். "நம்ம முப்பத்தொண்ணு என்னிக்கும் கைவிடாது" என்று கூட இருப்பவர்களிடம் பெருமை வேறு. படமெடுத்து மேஜைக்கு மேலே ஒட்டியிருந்தேன், குட்டி.

நேற்று, ஒன்றிலிருந்து ஐம்பது வரையிலான எண்களின் பெயர்ப் பட்டியலைத் திறந்து, சரிபார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். முப்பத்தொன்றுக்கு நேரே உன் பெயர், அப்பாவின் பெயர், உன் பிறந்த தேதி. ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதை என் கதை. படத்தைக் கிழித்தேன். பிறகு உட்கார்ந்து ஒட்டவும் பார்த்தேன்.

மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். "சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா, அக்கா. வியாழக்கிழமை நாலாவது தடவை மருந்து ஏத்தணும்" என்று அழுதார். அவரைத் திட்டாதே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீ என்ன வேண்டுமானாலும் சொல். எங்கள் கணிப்பு பத்துக்கு மூன்று தப்பும். உறுதி செய்ய வேறொரு பரிசோதனை இருக்கிறது. அதற்கும் அதே துண்டிலிருந்து சதை வேண்டும். தினம் ஒரு சீவலாக முக்கால்வாசியை நான் தீர்த்துவிட்டேன். மிச்சம் போதும் என்று பெரிய டாக்டர் சொல்கிறார். அதை இன்றே பரிசோதனைக்கு அனுப்பி, உன் டாக்டருக்கும் எழுதிவிட்டார்.

நீயாக மருந்தை நிறுத்திவிடாதே. வியாழனுக்கு முன் உன் டாக்டரைப் பார்த்து, இதே மருந்தா, வேறா என்று கேள். நானும் கூட வருவேன். புதன் காலை வாசலில் நிற்பேன். திட்டுவதென்றால் உள்ளே கூப்பிட்டுத் திட்டு.

நீ நன்றாக இருப்பாய். இருந்தே ஆக வேண்டும், சொல்லிவிட்டேன்.

இரண்டு மாதம் தினமும் பார்த்தும் உன்னை அடையாளம் தெரியாத,
அக்கா