அரிசி மில்லை ஷோகேஸில் வைத்த மாமாவுக்கு

மாமா,

இன்றைக்கு, டிவியில் மாட்டி ஆடுவீர்களே, உங்கள் கேம் பெட்டியைத் திறந்தேன். நட்சத்திரத் தலை வைத்த திருகாணிகள். அதில் ஒன்று துருப்பிடித்து என் உள்ளங்கையைப் பதம் பார்த்தது. மூடியைத் தூக்கியதும் ஒரு வாடை வந்தது பாருங்கள், சூட்டில் வெந்த தூசியும் பழைய பிளாஸ்டிக்கும் சேர்ந்து, அப்பளம் கருகின மாதிரி. ஃபேன் இறக்கைகளுக்கு நடுவே ஒரு பூனைக்குட்டிக்குப் போதுமான ரோமம். காற்று போகிற ஓட்டையில் இரண்டு பல்லி முட்டை. வெளிநாட்டுச் சரக்கு, வெளிநாட்டுச் சரக்கு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தீர்களே, உள்ளே பல்லிகளுக்குப் பிரசவ வார்டு நடத்தியிருக்கிறீர்கள்.

திறக்கச் சொன்னது அம்மா இல்லை. அம்மா தூக்கிப் போடத்தான் சொன்னாள். "இதுதாண்டா எந் தம்பியக் கெடுத்துச்சு. நாளைக்கி இரும்புக்காரரு வருவாரு, தூக்கிக் குடுத்துரு. இனிமே இது என் கண்ணுல படக்கூடாது."

அம்மா மட்டும் இல்லை. வல்லத்திராக்கோட்டை முழுவதும் உங்களுக்கு இதே தீர்ப்புதான். குவைத்தில் நன்றாக கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவன், லீவில் வந்தான், கேம் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தான், பிறகு எழுந்திருக்கவே இல்லை. போன ஆடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தீர்கள். துக்கம் கேட்க வந்தவர்கள்கூட ஷோகேஸைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுத்தான் காப்பி குடித்தார்கள். அந்தக் கதை பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நான். வாயைத் திறக்க மாட்டேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்தவனும் நான். இன்றைக்கு அந்த வாக்கை மீறிவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் முதலில் பெட்டியைத் திட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

ரூம்மேட் ஒருத்தரிடம் வாங்கிய பழைய பெட்டி அது. அதைப் போர்வையில் சுற்றிக் கைக்குழந்தை மாதிரி தூக்கி வந்தீர்கள். நம் வீட்டில் எந்தப் பொருளும் அம்மணமாக இருக்கக் கூடாது அல்லவா? மிக்ஸிக்குச் சட்டை, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்குத் துண்டு, ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் பை. வந்த மூன்றாம் நாளே அம்மா உங்கள் பெட்டிக்கும் ரவிக்கைத் துணியில் உறை தைத்துவிட்டாள், ஓரத்தில் லேஸ் வைத்து. நீங்கள் அதைப் போட்டு, ஷோகேஸில் தலையாட்டிப் பொம்மைக்கும் கல்யாணத்தில் வந்த வெள்ளிக் குங்குமச்சிமிழுக்கும் நடுவே உட்கார வைத்து, கண்ணாடிக் கதவையும் சாத்தினீர்கள். மே மாசம். புதுக்கோட்டை வெயில். உள்ளே ஒரு இயந்திரம் வேகிறது. முகத்தில் தலையணையை அமுக்கிவிட்டு ஓடு ஓடு என்று விரட்டுகிற வேலை இது.

பத்தே நிமிஷத்தில் ஃபேன் கத்த ஆரம்பிக்கும். முதலில் முனகல். பிறகு ஊளை. அப்புறம் அரிசி மில். உங்கள் கால்பந்து வீரர்கள் கோல் போட்டால் கூட்டம் ஆர்ப்பரிப்பது கேட்காது, நெல் அரைபடுவதுதான் கேட்கும்.

"டேய், அந்த எழவ நிப்பாட்டுங்கடா! குக்கர் எத்தன விசில் வச்சுச்சுன்னே தெரியல!" இது அடுப்படியிலிருந்து அம்மா.

"நல்லாத்தானக்கா ஓடுது" என்பீர்கள் நீங்கள், அசையாமல்.

"மாமா, நீங்க மில்லு ஓனரு. நாளைக்கி ரெண்டு மூட்டை நெல்லு கொண்டாரேன், அரைச்சுக் குடுங்க."

"ஒழைக்கிற மெஷினு சத்தம் போடத்தாண்டா செய்யும் மாப்ளே. ஒன்ன மாதிரி சும்மா கெடந்தா சத்தம் வராது."

"வாயிலதான் சத்தம் வருமே எனக்கு. அந்த உறையையாச்சும் எடுங்க. காத்துப் போற ஓட்டை பூரா அடைச்சுக் கெடக்கு."

"எடுக்காத. உள்ள தூசி போயிரும்."

தூசி போயிருமாம். இன்றைக்கு உள்ளே பார்த்தேனே, உங்கள் உறை காத்த தூசியை! மூச்சு போகவில்லை, தூசி மட்டும் போயிருக்கிறது. இவ்வளவு நல்ல காவல்காரரை நம் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போட்டிருக்கலாம்.

நியாயத்துக்கு ஒன்று சொல்கிறேன். இலுப்பூர் சித்தி மகன் போன வருஷம் புதுப் பெட்டி வாங்கினான். தோசைக்கல் தடிமன்தான் இருக்கும். வருகிறவர் போகிறவரையெல்லாம் அதன் மேல் காதை வைக்கச் சொல்வான். "சத்தம் வருதா பாரு? வருதா?" நானும் வைத்துப் பார்த்தேன், மாமா. வரவில்லைதான். ஒரு மத்தியானம் மின்சாரம் ஏறி இறங்கியதில் அதே அமைதியோடு உயிரை விட்டது. செத்தது தெரியாமல் இவன் அரை மணி நேரம் டிவி ரிமோட்டைத் தட்டிக்கொண்டிருந்தான். உங்கள் மில் நீங்கள் இருந்த இரண்டு கோடையும் கத்தியே கடந்தது. இதற்குமேல் உங்கள் பெட்டியைப் பற்றி என்னிடம் பாராட்டு எதிர்பார்க்காதீர்கள்.

நான் செய்த விளையாட்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த ஃபேன் சத்தத்தை என் போனில் பதிவு செய்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து நீங்கள் பாயில் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, கண்ணை விழித்துக்கொண்டு போனில் யாருக்கோ டைப் அடித்துக்கொண்டிருந்தீர்கள். பெட்டி ஆஃப். நான் பூனை மாதிரி வந்து, உங்கள் தலைமாட்டில், மேல்பக்கம் இருந்த வலது காதுக்கு ஒரு சாண் தள்ளிப் போனை வைத்து, முழுச் சத்தத்தில் போட்டேன். பெட்டிக்குப் பேய் பிடித்துவிட்டது என்று நீங்கள் துள்ளி எழுவீர்கள், வேட்டி ஒரு பக்கம் ஆள் ஒரு பக்கம் ஓடுவீர்கள், இதுதான் திட்டம்.

அம்மாதான் ஓடி வந்தாள். "ஆத்தாடி, பிளக்க புடுங்கி வச்சிருக்கு, சத்தம் வருதேடா!" என்று அலறினாள். நீங்கள் டைப் அடித்துக்கொண்டே இருந்தீர்கள். உங்கள் காதுக்குப் பக்கத்தில் அரிசி மில் ஓடுகிறது, நீங்கள் யாருக்கோ கும்பிடு போடுகிற பொம்மை அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். அம்மாவின் கால் கண்ணில் பட்ட பிறகுதான் தலையைத் தூக்கி, "என்னக்கா?" என்றீர்கள். பிறகு என் போனைப் பார்த்தீர்கள். பிறகு என்னை. எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் பைக்கில் ஏற்றிக்கொண்டு கண்மாய்க்கரைப் பக்கம் போனீர்கள். வண்டியை நிறுத்தி, என்னை உங்களுக்கு இடப்பக்கம் வந்து நிற்கச் சொன்னீர்கள்.

"இங்கிட்டு நில்லு. அந்தக் காது போயிருச்சு மாப்ளே. கேபினுக்கு வலப்பக்கம் இன்ஜினு. பதினோரு வருசம்."

"சுத்தமாவா?"

"வெளிச் சத்தம் கேக்காது. உள்ள மட்டும் ஒரு ஃபேனு ஓடுது. தூங்குனாலும் ஓடும், சாமி கும்புட்டாலும் ஓடும். நம்ம பெட்டி கத்துறப்ப மட்டும் அது தெரியாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறை போட்டு, கதவைச் சாத்தி, அந்தப் பெட்டியை வேண்டுமென்றே கத்த வைத்திருக்கிறீர்கள். தூசியாவது மண்ணாவது. இரண்டு மாசமாக உங்களை அடிமுட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, நீங்கள் முட்டாள் இல்லை, பொய்யர் என்று தெரிந்தது. பதவி உயர்வுதான்.

குவைத்துக்குத் திரும்பிப் போக, பத்து நாளில் திருச்சியில் மெடிக்கல். கிரேன் ஓட்டுகிறவர்களுக்குக் காதும் பார்ப்பார்கள். தேறாவிட்டால் கிரேன் கிடையாது. "காதுல மாட்டி விட்டு, பீப் சத்தம் போடுவாங்க. கேட்டா கையத் தூக்கணும். அந்தப் புள்ள பட்டனை அமுக்குற வெரல பாத்துக்கிட்டே இருந்தாப் போதும்" என்றீர்கள். பிட் அடித்து மாட்டிய அனுபவம் எனக்கு இருந்ததால் என்னையே பயிற்சியாளர் ஆக்கினீர்கள்.

மாமா, உங்களைப் போல் மோசமான திருடனை நான் பார்த்ததில்லை. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தீர்கள். நான் அமுக்காதபோதும் கையைத் தூக்கினீர்கள். ஈயை விரட்ட விரலை அசைத்தேன், அதற்கும் தூக்கினீர்கள். ஆடு கத்தியது, தூக்கினீர்கள். பஸ்ஸை நிறுத்துகிற ஆள் மாதிரியே இருந்தீர்கள்.

ஐந்தாம் நாள் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். பெரிய ஞானத்தால் கேட்கவில்லை, உங்களைச் சீண்டத்தான் கேட்டேன்.

"கீழ நிக்கிறவன் நிறுத்துன்னு கத்துனா என்ன பண்ணுவீங்க?"

"கொடி காட்டுவான்."

"கொடி காட்ட நேரம் இல்லாட்டி?"

ஹெட்போன் வயரை விரலில் சுற்றினீர்கள்.

"வலப்பக்கமா நின்னு கத்துனா? அப்பவும் வெரலப் பாப்பீங்களா?"

ஹெட்போனைக் கழற்றி என் மடியில் எறிந்துவிட்டுப் போனீர்கள். இரண்டு நாள் பேசவில்லை. பெட்டி மட்டும் பேசியது, அதிகமாகவே.

மெடிக்கலுக்கு என்னையும் கூட்டிப் போனீர்கள். ஒரு கேம் டிஸ்க் வாங்கப் போகிறோம் என்று அம்மாவிடம் பொய். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, நீங்கள் எந்த ஈக்குக் கையைத் தூக்குகிறீர்களோ என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். நான்கு நிமிஷத்தில் வந்துவிட்டீர்கள்.

"அதுக்குள்ளயா?"

"மாட்டி விட வந்துச்சு அந்தப் புள்ள. வலது காது வேணாம்மா, அது கேக்காதுன்னு சொல்லிட்டேன்."

பதினோரு வருஷ வேலையை ஒரு வரியில் முடித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தீர்கள். வீட்டில் என்ன சொல்வது என்று கேட்டேன். ஒன்றும் சொல்லாதே என்றீர்கள்.

"போகப் புடிக்கலன்னு சொல்லிக்கிறேன்."

"சோம்பேறின்னு சொல்லுவாங்க மாமா."

"சொல்லட்டும். சோம்பேறின்னா திட்டுவாங்க. செவிடுன்னா பாவம்னு பாப்பாங்க. எங்க அக்கா என்னையப் பாவம்னு பாக்குறதப் பாக்க என்னால முடியாது. ஒன்னாலதான் ரகசியம் காக்க முடியாதே, இத மட்டுமாச்சும் காப்பாத்து."

காப்பாற்றினேன். என் வாழ்க்கையில் நான் அவிழ்த்துவிடாத ஒரே மூட்டை அதுதான். சொந்தக்காரர்கள் வந்து, "என்னப்பா, இன்னும் லெவல் முடியலயா?" என்று உங்களைப் பார்த்து இளித்தபோதெல்லாம் என் நாக்கு நுனியில் பதில் வந்து நின்றது. பதிலுக்கு அவர்கள் செருப்பை ஒளித்து வைப்பதோடு நிறுத்திக்கொண்டேன். இலுப்பூர்ச் சித்தப்பா வெறுங்காலோடு பஸ் ஏறியது உங்கள் கணக்கில்தான்.

இன்றைக்கு, பெட்டியைப் பிரித்துப்போட்ட இடத்திலேயே உட்கார்ந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காது, கிரேன், திருச்சி, எல்லாம். வெறுமனே உட்கார்ந்து கேட்டாள். பிறகு, நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டாள்.

"அப்ப, அன்னைக்கி நாஞ் சொன்னது அவனுக்குக் கேட்ருக்குமாடா?"

எந்த அன்றைக்கு என்று எனக்குத் தெரியும். உங்களுக்குப் பெண் பார்த்த இடத்தில் வேலை இல்லாத மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லியனுப்பிய நாள். அடுப்படி வாசலில் நின்றுகொண்டு அம்மா, "நீயெல்லாம் எனக்குத் தம்பியாப் பொறந்ததுக்கு அந்த வயித்துல ஒரு ஆட்டுக்கல்லு பொறந்திருக்கலாம். அதாச்சும் வேலைக்கி ஆகும்" என்றாள். அதற்குப் பிறகு நீங்கள் இருந்தது நாற்பது நாள்கூட இல்லை.

"நான் வாசப்படியில நின்னேன்ல? அவனுக்கு வலப்பக்கம்தான?"

"ஆமாம்மா. வலப்பக்கம்தான். போதாததுக்குப் பெட்டி வேற கத்திக்கிட்டு இருந்துச்சு. ஒரு வார்த்த கேட்ருக்காது."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு முகம் கழுவிவிட்டு வந்து, அடுப்பைப் பற்றவைத்தாள். துக்கம் நடந்து இத்தனை மாசத்தில் இன்றைக்குத்தான் அவள் எனக்கு உட்கார்ந்து பரிமாறினாள்.

அன்றைக்கு கரண்ட் இல்லை, மாமா. பெட்டி ஓடவில்லை, சீலிங் ஃபேன் ஓடவில்லை, வீட்டில் ஒரு சத்தம் கிடையாது. ஜன்னல் காற்றுக்காக நீங்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தீர்கள். இடது காது அடுப்படிப் பக்கம். அம்மா சொல்லி முடித்த பிறகும் நீங்கள் திரும்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, கையிலிருந்த கன்ட்ரோலரில் ஒரே பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தீர்கள். நான் எதிரே தரையில் உட்கார்ந்திருந்தேன்.

நான் சொன்ன பொய்களுக்கு ஊரில் கணக்கில்லை. அவற்றில் எதையும் மறுநாள்வரை நான் ஞாபகம் வைத்துக்கொண்டதில்லை. இதை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, நாற்காலி எந்தப் பக்கம் இருந்தது என்பது வரைக்கும். அம்மா மறுபடி கேட்பாள், எனக்குத் தெரியும். வலப்பக்கம் என்றுதான் சொல்வேன். நீங்களும், அவள் அங்கே வந்து கேட்டால், அப்படியே சொல்லிவிடுங்கள். கையை மட்டும் தூக்கிவிடாதீர்கள்.