வராத வாக்காளர் அட்டை

செவ்வாய் இரவு. தேர்தலுக்கு இன்னும் நான்கு நாள்.

மத்தியானம் திரேசம்மா, கிராம அலுவலரான என்னைத் தேடி அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரேயொரு வாக்காளர் அட்டை.

"விதானையார், தபால்காரன் என்ரை அட்டையை மட்டும்தான் தந்தவன். மகன்ரை எங்கை?"

மகன் சண்டையின் கடைசி நாட்களில் காணாமல் போனவன். வாக்காளர் இடாப்பை, அந்தப் பெயர்ப் பட்டியலை, திருத்தும்போதெல்லாம் அவன் அந்த வீட்டில் வசிப்பதாகவே எழுதி வந்தேன். இம்முறை மேலிடத்தில் கண்டிப்பாகச் சொன்னார்கள். அவன் பெயரை விட்டுவிட்டேன். இனிச் சேர்க்கவும் காலமில்லை.

"வீட்டிலை இருக்கிற ஆக்களைத்தான் எழுதலாம் அம்மா."

"அவன் செத்திட்டான் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

அவர் சத்தம் போடவில்லை.

"எனக்கு அவன்ரை வோட்டு வேண்டாம். ஒவ்வொரு தேர்தலுக்கும் அந்த அட்டையிலை அவன்ரை பேர் அச்சடிச்சு வரும். அரசாங்கம் அவனுக்கு அனுப்பிற கடிதம் அது ஒண்டுதான்."

சட்டப்படி நான் செய்தது சரி.

அவர் போன பிறகு, மகன் பெயரை விட்டு நான் நிரப்பிய அந்த வீட்டுப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். கீழே திரேசம்மாவின் கையெழுத்து இருக்கிறது. வாசிக்காமல் போட்டது. வழமையான பேப்பர்தான் என்று சொல்லி, கையெழுத்து வைக்கும் இடத்தை விரலால் காட்டியது நான்.