ஸ்டீபன் போடாத கோலம்

அன்புள்ள ஸ்டீபன்,

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. அதற்கு முன் ஒன்பது வருஷம், ஒரே விமானக் கொட்டகையில், இந்த ஹேங்கரில், எதிரெதிரே நின்று வேலை பார்த்தும் நான் உன்னோடு பேசவில்லை. "அந்த ஸ்பேனரைக் கொடுங்க" என்பதையெல்லாம் பேச்சில் சேர்க்க முடியாது. நீ "மச்சான்" என்று கூப்பிடுவாய். நான் "சொல்லுங்க ஸ்டீபன்" என்பேன். உன்னைக் குத்தட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன். குத்தியதா? நீதான் எதையும் முகத்தில் காட்டிக்கொள்ள மாட்டாயே.

நேற்றும் இன்றும் நம் நான்கு சீட்டு விமானத்தின் மூக்கைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காற்றாடியின் நடுவில் தொப்பி போல் மாட்டியிருக்கும் அலுமினியக் கூம்பு. புத்தகத்தில் ஸ்பின்னர் என்று இருந்தாலும் நம் ஆட்களுக்கு அது மூக்குதானே. வருடாந்தரப் பரிசோதனை வருகிறது. "அந்தக் கீறலை எடுத்துடுங்க சார், பார்க்கவே அசிங்கமா இருக்கு" என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

ஹெல்பர் குமார் நேற்று அரை நாள் இருந்தான். உனக்குத் தெரியுமே, ஐம்பது வயதாகியும் வாய் அடங்கவில்லை. நான் திருகுகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றான்.

"இன்னா சார், ஸ்டீபன் அண்ணன் போட்ட கோலத்த அழிக்கிறீங்களா?"

"வேலையைப் பார், குமார்."

"வேலைதான் சார் பாத்துகினு கீறேன். அண்ணன் நல்ல மனுசன்தான். ஆனா போற போக்குல எங்க ஆயுத பூஜைக்கும் வேட்டு வெச்சிட்டுப் போய்ட்டாரு, பாத்தீங்களா."

சுவரில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். விமானங்களுக்கு இனிமேல் சந்தனம், குங்குமம் எதுவும் வைக்கக் கூடாதாம். கீழே காரணமும் போட்டிருக்கிறது. பெயர் போடவில்லை. பெயர் எல்லோருக்கும் தெரியும். மூக்கைச் சுற்றி வட்ட வட்டமாக விழுந்திருக்கும் கீறல்களுக்கு ஏழு மாதமாக இங்கே 'ஸ்டீபன் கோலம்' என்றுதான் பெயர்.

நீ அதைப் போடவில்லை என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவன் செத்துவிட்டான்.

ஆயுத பூஜை அன்று நடந்தது உனக்கு நினைவிருக்கும். நம் ஹேங்கரில் பூஜையை எப்போதும் நீதான் முன்னால் நின்று நடத்துவாய். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன், பொரி கடலை வாங்குவது முதல் எலுமிச்சம்பழம் வைப்பது வரை ஒன்றையும் விடமாட்டாய். மூக்கின் மேல் சந்தனத்தைக் கொழகொழவென்று அப்பிக்கொண்டிருந்தாய். பாலிஷ் போட்ட அலுமினியம், வைக்காதீர்கள் என்றேன். "ஒரு பொட்டு வெச்சா கோச்சிக்குமா மச்சான்? நீ பூஜைக்கு நிக்க மாட்டேன்னு தெரியும். உன் பேர்லயும் ஒரு எலுமிச்சம்பழம் வெச்சிருக்கேன்" என்று சிரித்தாய்.

அந்த எலுமிச்சம்பழம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. உன்னை யார் கேட்டார்கள்?

மறுநாள் விடுமுறை. அதற்கடுத்த இரண்டு நாளும் மழை, பறக்கவில்லை. நான்காம் நாள் காலை நான் வந்தபோது சந்தனம் சுண்ணாம்பு போல் இறுகிக் கிடந்தது. வெந்நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிஷம் போர்த்தி வைத்திருந்தால் தானாகவே கழன்று வந்திருக்கும். நான் பேன்ட்ரிக்குப் போனேன். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்து வந்தேன். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் முதல் நாளே நான் சொல்லும் பாடம் எது? அலுமினியத்தில் இரும்பு நார் படக் கூடாது, துகள் உள்ளே ஏறிக்கொண்டு துருவாகும். அதே நான், மூன்று நிமிஷம் தேய்த்தேன். சந்தனத்தைத் தேய்ப்பதாக நினைத்துக்கொண்டு உன்னைத் தேய்த்தேன் என்று வைத்துக்கொள்.

நிறுத்திப் பார்த்தபோது நீ ஏணிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். நாரைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். "விடு மச்சான், தேச்சு எடுத்துடலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாய். ஏன் மேனேஜரிடம் சொல்லவில்லை? ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஓடிப்போய்ச் சொன்னாயே!

ஆமாம், அந்த டார்ச். நான் என்ஜின் பக்கத்தில் மறந்து வைத்த டார்ச்சை நீ கண்டெடுத்து நேராக மேனேஜர் அறைக்குக் கொண்டுபோனாய். எனக்கு வர வேண்டிய தலைமைப் பொறியாளர் பதவி அன்றோடு போயிற்று. நீ சொன்னது உண்மை, அதனால்தான் என்னால் தாங்க முடியவில்லை என்று இங்கே எழுதினால் நன்றாக இருக்கும். எழுத மாட்டேன். என்னிடம் முதலில் சொல்லியிருக்கலாம். பத்தடி தூரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

கீறல் விழுந்த ஆறாம் நாள் நீ பெருங்களத்தூர் ஸ்டேஷன் படிக்கட்டில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், எழுந்திருக்கவே இல்லை. பீர்க்கன்கரணைக்கு வந்தேன். உன் வீடு வரை வரவில்லை. ஏரிக்கரை முனையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, உன்னை ஏற்றிய வண்டி புறப்படும்வரை நின்றேன்.

அடுத்த வாரம் மேனேஜர் கீறலைப் பார்த்துவிட்டார்.

"சந்தனம் யார் சார் வெச்சது?"

"ஸ்டீபன்."

"அப்போ சுரண்டினதும் அவர்தான். அவர் பேர்லயே எழுதிடறேன். அவருக்கு இனிமே என்ன ஆகப்போகுது?"

நான் பொய் சொல்லவில்லை, ஸ்டீபன். பேசாமல் இருந்தேன். அவர் எழுதிய வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். அப்போது உள்ளே ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது. அதையும் உன்னிடம் சொல்லிவிட வேண்டும்.

போன வியாழக்கிழமை உன் வீட்டிலிருந்து மெர்சி போன் செய்தாள். கடைத்தெருவில் குமாரின் மனைவியைப் பார்த்தாளாம்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும், மறைக்காம சொல்லுங்க. இவரு கடைசியா பிளேன கெடுத்துட்டுப் போய்ட்டாருன்னு சொல்றாங்களே, நெசமா?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"வீட்ல ஒரு தம்ளர்ல கீறல் விழுந்தாகூட அதையே பாத்துக்கிட்டிருப்பாருண்ணா. அவரா அப்படிப் பண்ணாரு? ஒடம்பு முடியாமதான் கை தப்பிடுச்சோ? நான் கவனிக்காம விட்டுட்டனோன்னு தூக்கமே வரல."

"பாக்கறேம்மா" என்றேன். வைத்துவிட்டேன். என்ன பார்க்க இருக்கிறது?

இன்று ஞாயிறு. ஹேங்கரில் யாரும் இல்லை. கத்திரி வெயிலில் தகரக் கூரை டப் டப்பென்று விரிந்துகொண்டிருந்தது. காலையில் சோப்புத் தண்ணீரில் கழுவினேன். திருகு ஓட்டைகளைச் சுற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தேன், வெடிப்பு இல்லை. ஒவ்வொரு கீறலிலும் நகத்தை ஓட்டினேன். நகம் மாட்டினால் ஆழம், வழுக்கினால் மேலோட்டம். பெரும்பாலும் வழுக்கியது. தண்ணீர் விட்டு நைஸ் உப்புத்தாளால் ஒரு திசையில், பிறகு குறுக்கே, பிறகு அதைவிட நைஸ். கடைசியில் பாலிஷ் பசை. துணியில் கறுப்பாக வந்துகொண்டே இருந்தது. ஒரு திருகு ஓட்டையின் விளிம்பில் கொஞ்சம் காய்ந்த சந்தனம் ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். வாசனை ஒன்றும் இல்லை.

மூன்று மணிக்கு டிபன் பாக்ஸைத் திறந்தேன், நானே வடித்த சோறு. வீட்டில் சமைக்க ஆள் இல்லை. மகளின் பிரசவத்துக்குப் புனே போன என் மனைவி எட்டு மாதமாகத் திரும்பவில்லை, நானும் ஏன் என்று கேட்கவில்லை. பொழிச்சலூர் மாடியில் உட்கார்ந்தால் தலைக்கு மேலே விமானம் விமானமாக இறங்குகிறது. சத்தத்துக்குக் குறைவில்லை. பேசத்தான் யாரும் இல்லை. உன் வீட்டு ஏரிப்பக்கம் போகலாமா என்று இரண்டு ஞாயிறு வண்டியை எடுத்து, தாம்பரம் பாலத்தோடு திரும்பியிருக்கிறேன்.

ஒரு கீறல் மட்டும் போகவில்லை. நகம் மாட்டுகிறது. அதையும் எடுக்கத் தேய்த்தால் தகடு மெலிந்துவிடும். அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது, அப்படியே விட்டுவிட்டேன். மற்ற இடமெல்லாம் முகம் தெரிகிறது. கூம்பில் பார்த்தால் மூக்கு பெரிதாக, கண் சிறியதாகத் தெரியும். நல்ல முகமாகவே தெரியாது.

பிறகு பதிவேட்டை எடுத்தேன். செய்த வேலை, எழுதினேன். அளவு, எழுதினேன். கீறலுக்கான காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. முன்னால் புரட்டினால், ஏழு மாதத்துக்கு முந்தைய பக்கத்தில் உன் பெயரும் என் கையெழுத்தும். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு இந்தக் கடிதத்தை எழுத ஆரம்பித்தேன்.

நாளை காலை மேனேஜர் வந்ததும் அவர் எதிரிலேயே எழுதப்போகிறேன். கம்பி நார், நான், என் லைசென்ஸ் எண். பழைய வரியை அழிக்க நம் தொழிலில் வழியில்லை. குறுக்கே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதுவேன். கோட்டுக்கு அடியில் உன் பெயர் தெரியத்தான் தெரியும். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. அறிவிப்பை நானே கிழிப்பேன். குமாரிடமும் சொல்வேன். அவன் எனக்கு என்ன பெயர் வைத்தாலும் வைக்கட்டும்.

கடிதத்தை உன் பெயருக்கு, பீர்க்கன்கரணை விலாசத்துக்கே அனுப்புகிறேன். மெர்சிதான் பிரிப்பாள். உன் கை தப்பவில்லை, அவள் எதையும் கவனிக்காமல் விடவில்லை என்று அவள் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். எழுதியவன் யார் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும். ஆனால் கீழே பெயர் இருந்தால் அவள் போனை எடுத்து "பரவால்லண்ணா" என்று சொல்லியாக வேண்டும். சொல்லிவிடுவாள், அவள் அப்படிப்பட்டவள். அதைக் கேட்க எனக்கு இப்போது தெம்பில்லை. டார்ச் விஷயத்தில் உன்மேல் இருக்கும் கோபம் அப்படியே இருக்கிறது, ஸ்டீபன். அதையும் அவள் ஆற்றிவிட்டால் உன்னோடு பேச எனக்கு வேறு எதுவும் மிச்சமில்லை. அதனால் பெயர் போடாமல், இப்படியே மடித்து, தபாலில் சேர்க்கிறேன்.