பழைய குரலை நீக்கியவனுக்கு

மல்லிகை மாலையின் வாசனை இன்னும் என் சட்டையில் இருக்கிறது. பாறசாலை சபையில் இன்று உன் ஓராண்டு நினைவு ஆராதனை. "பிறருக்காகவே வாழ்ந்தவர்" என்றார் போதகர். எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

காரணம் உனக்குத் தெரியும். யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற கணினி இயங்குதளம் ஒன்றுக்கு நாம் இருவரும் சம்பளமில்லாமல் மென்பொருள் பேக்கேஜ்களைப் பராமரித்தோம். கணினித் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் தமிழ்க் குரல் நம் பொறுப்பு. கடைசி ஒப்புதல் மட்டும் உன் கையில். அது உன் தலைக்கு ஏறியது.

புதிய பதிப்பு வந்ததும் பழைய குரலைத் தூக்கி எறிந்தாய். மறுநாளே லில்லி போன் செய்தாள். பார்வையில்லாத என் தங்கை அப்போது நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீல் ஆபீஸில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

"அண்ணா, அப்டேட் போட்ட பொறவு எனக்க கம்ப்யூட்டர் பேச மாட்டேங்கு."

அவளுடைய மெஷினுக்குப் பழைய குரலைப் பெயர் சொல்லி அழைக்கத்தான் தெரியும். அந்தப் பெயரில் அழைத்தாலும் புதிய குரல் பதில் சொல்லும்படி சில வரிகள் எழுதிக்கொண்டு குன்னத்துகாலில் உன் வீட்டுக்கு வந்தேன். நீ பார்க்கக்கூட இல்லை.

"எலே, பழசையெல்லாம் எத்தற நாளுக்குச் சொமப்பே? மாற முடியாதவங்க கெடக்கட்டு."

"மக்கா, அது லில்லிக்க கண்ணாக்கும்."

"ஒரு ஆளுக்கு வேண்டி பேக்கேஜ் உண்டாக்க முடியாது."

எங்கள் வீட்டில் அவள் கையால் சாயா வாங்கிக் குடித்த வாய் அது.

அவள் மெஷினில் பழைய பதிப்பை நானே திரும்ப ஏற்றினேன். அதற்குள் வக்கீல் அவள் நாற்காலியில் வேறொருத்தியை உட்கார்த்திவிட்டார். பிறகு நெஞ்சுவலி வந்து நீ போய்ச் சேர்ந்தாய். உன் அடக்கத்துக்குக் கூப்பிட்டபோது லில்லி, "நான் எதுக்கு வரணும்?" என்று மட்டும் கேட்டாள்.

பேக்கேஜ் என் பொறுப்புக்கு வந்தது. நீ மறுத்த அந்த வரிகளைத்தான் முதலில் சேர்த்தேன். முகம் தெரியாத யார் யாரோ எழுதினார்கள், எங்கள் கணினி மறுபடியும் பேசுகிறது என்று. ஒரு ஆள் என்றாயே!

லில்லிக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. ஆனாலும் அப்டேட் என்று அறிவிப்பு வந்தாலே மெஷினை அணைத்துவிடுகிறாள். நான் செய்ததென்று சொன்னாலும் நம்புவதில்லை.

இப்போதெல்லாம் ஒரு வரியை நீக்கும் முன் என் கை நின்றுவிடுகிறது. யாருடைய வாயை அடைக்கப்போகிறேன் என்று கேட்டுக்கொள்கிறேன். அதை நீ கற்றுத் தந்தாய் என்று எவனாவது சொன்னால், அவனை அறைந்துவிடுவேன்.