பெயின்ட் வாளியில் முளைத்தது

என்மேல் எத்தனை கோபம் இருந்தாலும் எனக்கும் சேர்த்தே சோறு வடித்த என் கோமதி அக்காவுக்கு,

உன் லில்லியைப் பற்றி உன்னிடம் சொல்லிவிட வேண்டும். இதை மனசில் வைத்துக்கொண்டு எத்தனை நாள் புழுங்குவது?

பங்குனியில் நீ எங்களை விட்டுப் போனபோது, நீ லில்லி நட்டிருந்த பழைய பெயின்ட் வாளியில் பூ முடிந்து இலை பழுக்க ஆரம்பித்திருந்தது. நீ இருந்திருந்தால் தண்ணீரை நிறுத்தியிருப்பாய். கிழங்கைத் தோண்டி, தேங்காய் நார்த்தூளில் பொதிந்து, பிரிட்ஜில் காய்கறித் தட்டில் வைத்திருப்பாய். நம்ம ஊரில் அதற்குக் குளிர்காலம் ஏது, நாம்தான் உண்டாக்கித் தர வேண்டும் என்பாய். பிறகு மார்கழிப் பனியில் நட்டால் மாசியில் பூ. இந்த வருஷம் நான் செய்கிறேன் என்று மாமாவிடம் வாளியைக் கேட்டேன். உன் வீட்டுக்காரர் கொடுக்கவில்லை. "அவ கை பட்ட மண்ணும்மா. இங்கியே இருக்கட்டும்" என்றார்.

அவரைப் பற்றி உனக்குத் தெரியாததா? பாகூர் ஏரித் தண்ணீரில் நெல் வைத்தே பழகிய மனுஷர். பயிர் பிழைக்க வேண்டுமென்றால் காலடியில் தண்ணீர் நிற்க வேண்டும் அவருக்கு. வாளிக்குக் காலையில் ஒரு சொம்பு, வெயில் சாய்ந்ததும் ஒரு சொம்பு. கிழங்கு தூங்குகிற காலம், அழுகிவிடும் என்று போனில் சொன்னேன். "வாயில்லாத ஜீவன காயப் போடறதா? இன்னா பேசற நீ" என்று என்னையே திட்டினார்.

அதற்குமேல் அழுத்திச் சொல்லப் பயமாக இருந்தது அக்கா. அந்த வீட்டில் இப்போது அவர் ஒருவர்தான். வாளிக்குத் தண்ணீர் ஊற்றத்தான் காலையில் எழுந்திருக்கிறாரோ என்று எனக்குள் ஒரு எண்ணம். கிழங்கைப் பார்ப்பதா, அவரைப் பார்ப்பதா? போகும்போதெல்லாம் குனிந்து மண்ணை முகர்ந்து பார்ப்பேன். புளித்த வாடை வரும். தோண்டிப் பார்க்கக் கை வராது. அழுகியிருந்தால் அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

ஆவணியில் ஒருநாள் அவரே கூப்பிட்டார். உன் அக்கா வைத்தது முளைத்துவிட்டது, வந்து பார் என்றார். எனக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் வில்லியனூரிலிருந்து அடுத்த பஸ்ஸிலேயே ஏறினேன்.

வாளியில் பச்சையாக நின்றது. லில்லி முளை இலைகளைச் சுற்றிச் சுற்றி அடுக்கிக்கொண்டு ஒற்றைத் தண்டாக வருமே. இது குழல் குழலாக நீண்டிருந்தது. நுனியைக் கிள்ளினேன். உள்ளே வெறும் பொந்து. விரலை முகர்ந்தேன். வெங்காயம்.

மாமா துண்டை முறுக்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். "நல்லா வந்திருக்கு மாமா" என்றேன். வேறென்ன சொல்ல?

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அப்புறம், "வெங்காயம்தாம்மா அது" என்றார். "அவ வெச்சது அழுவிப் போச்சு. தோண்டிப் பாத்தா கூழாட்டம் கையில வந்திச்சி. நீ வேற வரும்போதெல்லாம் குனிஞ்சி குனிஞ்சி பாக்கற. எப்பிடிச் சொல்றது? அதான் சமையக்கட்டுல இருந்ததுல பெருசா ஒண்ணு எடுத்து..."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு நின்றபோது இருவரும் வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தோம். அவருக்காக நான் பயந்தேன், எனக்காக அவர் பயந்திருக்கிறார். நடுவில் ஒரு வெங்காயம். நீ இருந்திருந்தால் எங்களை வருஷம் முழுக்கக் கேலி செய்திருப்பாய்.

மறுவாரமே புதுக் கிழங்கு வாங்கிவந்தேன். இப்போது உன் பிரிட்ஜில், உன் தட்டில்தான் இருக்கிறது. எனக்கு நிம்மதி வந்துவிட்டதா? இல்லை. அவர் அடிக்கடி கதவைத் திறந்து பார்க்கிறார். "அதுக்குக் குளிராதா?" என்று கேட்கிறார். போன வாரம் கரண்ட் போய்ப் பாதி நாள் வரவில்லை. மீன்காரம்மாவிடம் ஐஸ் வாங்கி, தெர்மோகோல் பெட்டியில் வைத்து, தண்ணீர் படாமல் கிழங்கைப் பாலிதீனில் சுற்றிப் பக்கத்திலேயே காவல் இருந்திருக்கிறார். கிழங்கில் இன்னும் மீன் வாடை.

காலையில் போன் செய்கிறேன். முதல் மணிக்கே எடுக்காவிட்டால், எடுக்கும்வரை மறுபடி மறுபடி போடுகிறேன். நட்ட பிறகு அந்தச் சொம்பு சும்மா இருக்குமா? மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். தலையாட்டினார். உன்னிடமும் இப்படித்தான் தலையாட்டுவாரா?

மார்கழியில் இருவருமாக நடுவோம். இந்தக் கிழங்கும் அழுகிப் போகலாம். அழுகினால் அழுகியது என்று நானும் சொல்வேன், அவரும் சொல்வார். அப்புறம் வேறொன்று வாங்குவோம். பூத்தாலும் பூக்காவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை பாகூர் பஸ்ஸில் நான் இருப்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

அந்த வெங்காயத்தை அவர் இன்னும் பிடுங்கவில்லை. அதற்குத் தினமும் இரண்டு சொம்பு ஊற்றுகிறார். நானும் விட்டுவிட்டேன்.

உன் பாயில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு தூங்கிய தங்கை,
வாணி